கந்தளாயிலிருந்து துபாய்க்கு எத்தனை மணித்தியாலம்?



நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். "பிளேன்ல துபாய்க்கு எத்தனை மணித்தியாலம்?" என்பதே அந்தக் கேள்வி. போகும் டிக்கட்டைப் பார்த்தவர், "பத்து மணிக்கு ஏறி ஒண்ணே காலுக்கு எறங்குது, மூணே கால் மணித்தியாலம்தானே?" என்பார். போய் வந்தவர், "அஞ்சு மணித்தியாலம் கிட்ட ஆகும்" என்பார். திரும்பி வரும் டிக்கட்டைப் பார்த்தவரோ, "ஆறு மணித்தியாலம் போட்டிருக்கே!" என்பார். மூவருமே பொய் சொல்லவில்லை. அப்படியானால் கணக்கு எங்கே மாறுபடுகிறது என்பதைத்தான் நாம் படிக்கப்போகிறோம்.

இது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல. தோட்டங்களிலிருந்தும், கந்தளாய் போன்ற ஊர்களிலிருந்தும் மத்திய கிழக்குக்குப் போகிறவர்கள் பலர் கடன்பட்டு, நகையை அடகு வைத்துப் புறப்படுகிறவர்கள். பிரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைய பேர் போகும். மறுநாள் வேலை இருக்கும். விமானத்துக்குப் பிந்திப் போனால் டிக்கட்டும் போகும், சில வேளை விசாவின் காலமும் முடிந்துபோகும், பட்ட கடன் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கத் தெரிந்திருப்பது நமக்கு அவசியமாகிறது.

உதாரணத்துக்குக் கந்தளாயை எடுத்துக்கொள்கிறோம். அது விமான நிலையத்துக்கு வெகு தொலைவிலுள்ள ஊர். அங்கிருந்து கணக்குப் போடத் தெரிந்துகொண்டால் ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ போடுவது சிரமமில்லை.

பாதைத் தூரமும் நேர்த் தூரமும்

கந்தளாய், கொழும்பு - திருகோணமலை வீதியில், திருகோணமலைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் முன்பாக இருக்கிறது. அங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கவுக்கு வந்தால் பாதைத் தூரம் 200 கிலோமீற்றர் அளவில் வரும். அதே இரண்டு ஊர்களுக்கும் இடையே வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தால் ஏறக்குறைய 180 கிலோமீற்றர்தான். பாதை குளத்தையும் காட்டையும் சுற்றி வருவதால் இருபது கிலோமீற்றர் கூடுகிறது.

ரயில் பாதை இன்னும் சுற்று. கந்தளாயிலிருந்து கல்ஓயாச் சந்திக்கு வந்து, அங்கிருந்து மேற்கே மாகோவுக்குப் போய், பின்பு பொல்காவலை வழியாகக் கொழும்புக் கோட்டைக்கு இறங்குகிறது. இரவு ரயிலில் ஏறினால் ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். கோட்டையில் இறங்கியவர் மறுபடியும் வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் கட்டுநாயக்கவுக்குப் போக வேண்டும்.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு 130 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரமே. ஆனால் வளைந்து வளைந்து இறங்கும் மலைப் பாதையில் பஸ்ஸுக்கு நாலரை மணித்தியாலம் போய்விடும். கந்தளாயிலிருந்து கொழும்புக்கு அதைவிட எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் அதிகம். எனினும் பாதை பெரும்பாலும் சமதரை என்பதால் பஸ்ஸுக்கு ஆறு மணித்தியாலம் அளவில்தான் ஆகிறது. ஆகவே, "எத்தனை மைல்?" என்று கேட்பதோடு, "எத்தனை மணித்தியாலம்?" என்றும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இன்னொரு விடயமும் உண்டு. "திருகோணமலையிலேயே சீனக்குடாவில் விமானத் தளம் இருக்கிறதே, அங்கே ஏற முடியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. சீனக்குடாத் தளம் பழையது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 ஏப்ரல் 9ஆந் திகதி, ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தோடு சேர்த்து அதையும் தாக்கின. இன்று அது விமானப் படையின் தளம். அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்த் தூரம் 210 கிலோமீற்றர் அளவு. மணிக்கு 300 கிலோமீற்றர் பறக்கும் சிறிய விமானத்துக்கு முக்கால் மணித்தியாலப் பயணம். ஆனால் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர் கட்டுநாயக்கவுக்குத்தான் வர வேண்டும்.

டிக்கட்டில் "கொழும்பு" என்றோ, "சி.எம்.பி." என்ற மூன்று எழுத்தோ போட்டிருக்கும். அது கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்தின் குறி. கொழும்பு என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கோட்டைக்குப் போய் நிற்கக் கூடாது. கந்தளாயிலிருந்து வருகிறவர் குருநாகலிலிருந்து நீர்கொழும்புப் பக்கம் திரும்பினால் கொழும்புக்குள் போகாமலே விமான நிலையத்தை அடையலாம்.

வானத்தில் கணக்கு

கட்டுநாயக்கவுக்கும் துபாய்க்கும் இடையே வான் வழித் தூரம் ஏறக்குறைய 3,290 கிலோமீற்றர். பெரிய ஜெட் விமானம் 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 850 கிலோமீற்றர் அளவான வேகத்தில் பறக்கும். 3,290ஐ 850ஆல் வகுத்தால் 3.87 வரும். அதாவது 3 மணித்தியாலம் 52 நிமிடம்.

ஆனால் விமானம் கதவை மூடியவுடன் 850 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதில்லை. ஓடுபாதைவரை ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், போய்ச் சேரும் இடத்தில் வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும், இறங்கிய பிறகு நிற்குமிடம்வரை ஊர்ந்து போக வேண்டும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு 40 நிமிடத்தைக் கூட்டிக்கொள்வோம். அப்போது 4 மணித்தியாலம் 32 நிமிடம் வருகிறது. நேரே துபாய்க்குப் போகும் விமானங்களின் பயண நேரமும் ஏறக்குறைய இதுவே.

இந்த ஒரே சூத்திரம் மற்ற நகரங்களுக்கும் பொருந்தும்: தூரத்தை 850ஆல் வகுக்கவும், 40 நிமிடத்தைக் கூட்டவும். டோஹாவுக்குத் தூரம் 3,610 கிலோமீற்றர் அளவு; ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். குவைத்துக்கு 4,140 கிலோமீற்றர் அளவு. ஐந்தரை மணித்தியாலம் வரும். சென்னைக்கு 645 கிலோமீற்றர் அளவு. ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு.

போகும்போதும் வரும்போதும் தூரம் ஒன்றுதானே, நேரம் ஏன் ஒன்றாக இல்லை? காரணம் காற்று. அந்த உயரத்தில், சிறப்பாக ஆண்டின் கடைசி மாதங்களிலும் முதல் மாதங்களிலும், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசும். துபாய்க்குப் போகும் விமானம் அந்தக் காற்றை எதிர்த்துப் போகிறது. திரும்பி வரும் விமானத்தை அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. மகாவலி ஆற்றில் தோணி விடுகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே போவதற்கு 4 மணித்தியாலம் 40 நிமிடம் என்றும், வருவதற்கு 4 மணித்தியாலம் 15 நிமிடம் என்றும் இருந்தால் அதில் பிழை எதுவும் இல்லை.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். கந்தளாயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 200 கிலோமீற்றரைக் கடக்கப் பஸ்ஸுக்கு ஐந்தாறு மணித்தியாலம் போகிறது. அதைவிடக் குறைந்த நேரத்தில் விமானம் பதினாறு மடங்கு தூரத்தைக் கடந்துவிடுகிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் நம் முப்பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். நாட்கணக்கில் நடந்த அந்தப் பயணத்தில் வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். கந்தளாய்ப் பஸ் இன்று அதே தம்புள்ளையைக் கடந்துதான் வருகிறது.

மணிக்கூடு ஏன் மாறுகிறது?

இனி, முதலில் சொன்ன புதிருக்கு வருவோம். பத்து மணிக்கு ஏறியவர் நாலே முக்கால் மணித்தியாலம் பறந்தும் எப்படி ஒன்றே காலுக்கு இறங்கினார்?

சூரியன் கிழக்கே உதிக்கிறது. கந்தளாய் துபாய்க்குக் கிழக்கே இருப்பதால் நமக்குத்தான் முதலில் விடிகிறது. பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஒவ்வொரு நாடும் ஒரு பாகைக் கோட்டை வைத்துத் தன் மணிக்கூட்டை ஓட்டுகிறது. இலங்கையின் நேரம் கிழக்கு 82½ பாகைக் கோட்டுக்குரியது. துபாய், அபுதாபி, சார்ஜா ஆகியவை அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தின் நேரம் 60 பாகைக் கோட்டுக்குரியது. வித்தியாசம் 22½ பாகை. அதை நாலால் பெருக்கினால் 90 நிமிடம். ஆகவே இங்கே காலை ஆறு மணி என்றால் துபாயில் அதிகாலை நாலரை மணி. ஓமானுக்கும் இதுவே கணக்கு.

சவூதி, குவைத், கட்டார், பஹ்ரேன் ஆகிய நாடுகளின் நேரம் 45 பாகைக் கோட்டுக்குரியது. வித்தியாசம் 37½ பாகை, அதாவது 150 நிமிடம். அங்கே நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியிருக்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் கிழக்கே இருப்பதால் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியிருக்கும். இந்தியாவுக்கும் நமக்கும் வித்தியாசமே இல்லை.

மணிக்கூட்டைத் திருப்புவது நமக்குப் புதிதல்ல. 1996 மே மாதம், வரட்சியால் மின்சாரம் போதாமற் போன காலத்தில், இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில் தான் மறுபடி பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும், "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுத்தான் ஆட்கள் பஸ்ஸுக்கும் கோயிலுக்கும் போனார்கள். வடக்கு கிழக்கில் சில பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. வெளிநாட்டு டிக்கட்டை வாசிக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது எந்த ஊர் நேரம்?

விமான டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு 4 மணித்தியாலம் 40 நிமிடம் பறந்தால் நம் மணிக்கூட்டில் பிற்பகல் 2.40. அதில் ஒன்றரை மணித்தியாலத்தைக் கழித்தால் துபாய் நேரம் 1.10. திரும்பும்போது எதிர்மாறு: இரவு 10.30க்குத் துபாயில் ஏறி 4 மணித்தியாலம் 15 நிமிடம் பறந்தால் அங்கே அதிகாலை 2.45, நம் நேரம் 4.15. டிக்கட்டில் பார்த்தால் ஆறு மணித்தியாலம் போலத் தெரியும்.

டிக்கட்டில் கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, டிக்கட்டில் 24 மணித்தியாலக் கணக்கே இருக்கும். 14.20 என்றால் பிற்பகல் 2.20. பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண்ணிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் சரி.

இரண்டாவது, நள்ளிரவு. ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். "15ஆந் திகதி 00.40" என்று போட்டிருந்தால், அது 14ஆந் திகதி இரவு படுக்கிற நேரத்துக்குப் பின் வரும் பன்னிரண்டு நாற்பது. "பதினஞ்சாந் தேதிதானே, அன்னிக்குப் பகல் பொறப்படலாம்" என்று இருந்தால், கந்தளாயில் பஸ் ஏறும்போதே விமானம் துபாய் போய்ச் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது, இடையில் மாறும் பயணம். நேரே போனால் நாலரை, ஐந்து மணித்தியாலம் ஆகும் துபாய்ப் பயணத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வருகிறது என்றால், நடுவில் எங்கோ இறங்கி வேறு விமானத்தில் ஏற வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். எந்த ஊரில், எத்தனை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்பதை ஏஜன்சிக்காரரிடம் புறப்படுமுன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இறங்கும் ஊரின் பெயரும் வேலை ஒப்பந்தத்திலுள்ள நாடும் ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும். ஒன்றில்லாவிட்டால் காரணம் தெரியும்வரை புறப்படக் கூடாது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

பின்னோக்கிக் கணக்குப் போடுதல்

வீட்டிலிருந்து எப்போது புறப்படுவது என்பதை விமான நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்தே அறிய வேண்டும். மேலே சொன்ன 15ஆந் திகதி 00.40 விமானத்தையே எடுத்துக்கொள்வோம்.

விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்பே இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். வேலைக்குப் போகிறவர் பணியகத்தின் மேசையிலும் பதிவைக் காட்ட வேண்டியிருப்பதால் நாலு மணித்தியாலம் என்று வைப்போம். 00.40லிருந்து நாலைக் கழித்தால் 14ஆந் திகதி இரவு 8.40. பஸ்ஸுக்கு ஆறு மணித்தியாலம்: பிற்பகல் 2.40. வழியில் நடக்கக்கூடியவற்றுக்கு ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம்: பகல் 1.00 மணி. ஆகவே 14ஆந் திகதி பகல் ஒரு மணிக்குக் கந்தளாயில் பஸ்ஸில் இருக்க வேண்டும்.

"வழியில் என்ன நடக்கப் போகுது?" என்று நினைக்க வேண்டாம். பஸ் பழுதாகலாம், மழையில் பாதை மூடப்படலாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே பொழுது சாய்ந்தால் யானைகள் பாதைக்கு வரும். 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பக்கத்தில் ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. யானைகளும் மாண்டன, ரயில் சேவையும் தடைப்பட்டது. முன்கூட்டியே போய் விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை. பதிவுக் கவுண்டர் பொதுவாக விமானம் புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே மூடப்படும். மூடியபின் அழுதாலும் திறக்காது.

வீட்டிலுள்ளவர்களுக்கு

போனவரைவிட வீட்டிலிருப்பவர்தான் அதிகம் தவிப்பவர். அதே 00.40 விமானம் நம் நேரப்படி காலை 5.20க்குத் துபாயில் இறங்கும். அங்கே மணி 3.50. உடனே டெலிபோன் வராது. குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது, கூட்டிப்போக வந்தவரைத் தேடுவது எல்லாவற்றுக்கும் இரண்டு மணித்தியாலமாவது ஆகும். காலை எட்டு மணிவரை தகவல் இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை. அன்று மாலையாகியும் தகவல் இல்லையென்றால் ஏஜன்சியையும் பணியகத்தையும் கேட்க வேண்டும். அதற்காக விமானத்தின் இலக்கத்தை வீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் நாளில் இன்னும் கவனம் தேவை. துபாயில் 20ஆந் திகதி இரவு 10.30க்கு ஏறுகிறவர் இங்கே இறங்குவது 21ஆந் திகதி அதிகாலை 4.15க்கு. கூப்பிடப் போகிறவர் 20ஆந் திகதி இரவே கந்தளாயை விட வேண்டும். "இருபத்தொண்ணுதானே" என்று மறுநாள் போனால், வருடக்கணக்கில் உழைத்த பணத்தோடும் பெட்டியோடும் ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் தனியே நிற்க வேண்டிவரும். அப்படி நிற்பவர்களைக் குறிவைத்து வான் பிடித்துத் தருவதாக வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல முடியாது.

பிள்ளையோடு தாய் பேசும் நேரத்துக்கும் இக்கணக்கு உதவும். குவைத்தில் வீட்டு வேலை முடித்து இரவு பத்து மணிக்கு அம்மா டெலிபோன் எடுத்தால் கந்தளாயில் மணி பன்னிரண்டரை, பிள்ளை தூங்கிவிடும். இங்கே இரவு ஏழரை என்றால் குவைத்தில் மாலை ஐந்து, துபாயில் ஆறு. அந்த நேரத்தில் பத்து நிமிடம் பேசக் கிடைக்குமா என்று தாய் தன் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை போன்ற பள்ளி இல்லாத நாளில் காலை பத்தரை மணியும் பொருந்தும். குவைத்தில் அப்போது எட்டு மணி.

நீங்களே செய்து பாருங்கள்

1. கட்டுநாயக்கவிலிருந்து ரியாத்துக்கு ஏறக்குறைய 4,040 கிலோமீற்றர். நேரே போனால் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

2. 4ஆந் திகதி 18.30க்குக் கட்டுநாயக்கவில் புறப்படும் விமானம் ஐந்தரை மணித்தியாலத்தில் குவைத்தை அடைகிறது. அங்கே அப்போது மணி என்ன?

3. டோஹாவில் 9ஆந் திகதி 20.10க்கு ஏறும் சகோதரி 4 மணித்தியாலம் 50 நிமிடத்தில் கட்டுநாயக்கவில் இறங்குகிறார். இங்கே திகதி என்ன, மணி என்ன? கூட்டி வரப் போகிறவர் கந்தளாயிலிருந்து எப்போது புறப்பட வேண்டும்?

4. டிக்கட்டில் 22ஆந் திகதி 00.20 என்று இருக்கிறது. கந்தளாயில் எந்தத் திகதி, எத்தனை மணிக்குப் பஸ் ஏற வேண்டும்?

விடைகள்: 1. ஏறக்குறைய 5 மணித்தியாலம் 25 நிமிடம். 2. அதே 4ஆந் திகதி இரவு 9.30. 3. 10ஆந் திகதி அதிகாலை 3.30, 9ஆந் திகதி இரவு 8 மணிக்காவது புறப்பட வேண்டும். 4. 21ஆந் திகதி பகல் ஒரு மணிக்கு முன்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் இக்கணக்குகளை அவர்களைக் கொண்டு செய்விக்கவும். யாராவது வெளிநாடு போக ஆயத்தமாகும்போது, விமான இலக்கம், புறப்படும் திகதி, நம் நேரம், அவ்வூர் நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி லயத்துக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கவும்.